தொடு சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும்

(விழாவின் இரண்டாம் நாள் முற்பகல், நலவாழ்வு அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனை மருத்துவம் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். வரும் தை மாதம் நம் அறக்கட்டளை நடத்தவிருக்கும் மூட்டுவலி, முதுகுவலி முகாமிற்கு வழக்கம்போல் இயன்முறை மருத்துவரை மட்டும் அழைப்பதா, அவருடன் கைரோபிராக்டிக் வல்லுநர் ஒருவரையும் அழைப்பதா என்னும் வினா சென்ற செயற்குழுவில் எழுந்தது. படுத்திருப்பவரின் இடுப்பை ஒருவர் முறுக்க, 'மடக்' என்னும் ஓசை எழ, படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து நடக்கும் காட்சிகளைக் கைபேசியில் கண்டு வியந்தவர்கள் ஆதரித்தார்கள். அதே காட்சிகளைக் கண்டு அஞ்சியவர்கள் எதிர்த்தார்கள். இரு சாராருக்கும் நடுவில் அமர்ந்திருந்த என்னிடம், "ஐயா, நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்கள். படித்தேன். எலும்பு மருத்துவர் ஒருவரையும் இயன்முறை மருத்துவர் இருவரையும் கண்டு உரையாடினேன். அறிந்தவற்றை இங்கே வைக்கிறேன். அவரவர் உடலுக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும். அதை நான் சொல்லமாட்டேன்.

சொல்லாராய்ச்சி எனக்குப் பழகிய தொழில் ஆதலால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கைரோபிராக்டிக் என்பது இரண்டு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அமைத்த பெயர். 'கெயிர்' என்றால் கை; 'பிராக்டிகோஸ்' என்றால் செயல் சார்ந்தது. கையால் செய்வது என்பது பொருள். முதல் அசை நம் 'கை' போலவே ஒலிப்பதைக் கண்டு, இது தமிழிலிருந்து சென்றது என்று யாரும் மேடையில் முழங்கிவிட வேண்டா. அது தற்செயல் ஒப்புமையே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்னும் ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் தொடங்கிவைத்த முறை இது. செவிப்புலன் குன்றியிருந்த ஹார்வி லில்லார்டு என்னும் தொழிலாளியின் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பு ஒன்றை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பது பாமர் சொன்ன வரலாறு. கேட்டல் நரம்போ மூளையிலிருந்து நேரே செவிக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே செல்வதன்று. ஆகவே அந்தக் கதையை மருத்துவ உலகம் ஐயத்துடனேயே பார்த்துவந்திருக்கிறது. நோய்களுள் 100க்கு 95 முள்ளெலும்புகள் இடம்பிறழ்வதால் வருபவை என்றும் பாமர் கூறினார். இக்கூற்றுக்கும் சான்று கிட்டவில்லை. பிரிட்டனில் இத்தொழிலை நெறிப்படுத்தும் கைரோபிராக்டிக் பொதுமன்றமே 2010இல், எலும்புப் பிறழ்ச்சியே நோய்க்குக் காரணம் என்பது பழைய வரலாற்றுக் கருத்தே அன்றி மருத்துவச் சான்று உடையது அன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. தம் முன்னோர் சொன்னதில் எது நிற்கும், எது நில்லாது என்று ஒரு தொழிலார் தாமே பிரித்துக் காட்டியது பாராட்டத்தக்கது. இன்று முறையாகப் பயின்ற கைரோபிராக்டர்களிடம் வருவோர் பெரும்பாலும் முதுகுவலி, கழுத்துவலிக்காகவே வருகின்றனர்.

இயன்முறை மருத்துவத்தின் பிறப்பு வேறு. சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்தை அதன் ஒரு வேர் எனலாம். இங்கிலாந்தில் 1894இல் செவிலியர் நால்வர் கூடிப் பயிற்சி பெற்ற உடல்பிடிப்போருக்கென ஒரு சங்கம் அமைத்தனர். முதல் உலகப்போரில் உறுப்புச் சிதைந்து திரும்பிய வீரர்களும், பின்னர் இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளும் இத்துறையை வளர்த்தனர் என்றால் மிகையன்று. அமெரிக்காவில் 1921இல் தோன்றிய முதல் சங்கத்தின் தலைவராக மேரி மெக்மில்லன் என்னும் பெண்மணி பொறுப்பேற்றார்.

நமக்கு அண்மையில் உள்ள ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 'இயக்கம் திரும்பும்வரை காத்திரு' என்று கூறாமல், 'எஞ்சியுள்ள இயக்கத்தைக் கொண்டு வாழ்வைத் திரும்பக் கட்டு' என்று கூறும் துறை அது. என் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் தென்னையிலிருந்து விழுந்து அங்கே ஓராண்டு தங்கித் திரும்பினான்; இன்று தையற்கடை வைத்திருக்கிறான்.

இவ்விரு துறையினரும் நெடுங்காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களாகவே இருந்தனர். அமெரிக்க மருத்துவச் சங்கம், அறிவியல் சாராத முறையினருடன் தன் உறுப்பினர் கூடிப் பணியாற்றுவது தொழிலறம் அன்று எனத் தடுத்து வைத்திருந்தது. அதனை எதிர்த்துச் செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சில கைரோபிராக்டர்களும் 1976இல் வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிபதி சூசன் கெட்சன்டேனர், அந்தத் தடை போட்டியை ஒடுக்கும் சட்டவிரோதச் செயல் என்று தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒன்றை மறவாதீர்கள்: கைரோபிராக்டிக் மருத்துவம் பயன் தரும் என்று நீதிமன்றம் சான்றளிக்கவில்லை, ஒரு சாராரைக் கூட்டாக ஒதுக்கிவைத்தது தவறு என்றே கூறியது. எனினும் அதன்பின் மருத்துவரும் இயன்முறையாளரும் கைரோபிராக்டரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நோயாளியைப் பார்ப்பது அந்நாட்டில் எளிதாயிற்று.

அவ்வாறு அமர்ந்து என்ன செய்கிறார்கள்? என் தங்கையின் பட்டறிவு கொண்டு விளக்குகிறேன். அவள் நியூஜெர்சியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, சாலைச் சந்திப்பில் நின்றிருந்த அவர்களது காரின்மீது பின்னால் வந்த வண்டி மோதியது. தலை முன்னும் பின்னும் சாட்டைபோல் வீசப்பட்டதில் கழுத்தில் அடி. முதலில் மருத்துவமனை, எலும்பு முறிவு இல்லை என்று படம் எடுத்துத் தெளிந்தனர். பின்னர், இரு முறையும் ஒருங்கே உள்ள ஒரு சிகிச்சை நிலையத்திற்கு அனுப்பினர். கைரோபிராக்டர் அவளுடைய கழுத்தை முறுக்கிவிடுவார் என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாளாம். அவரோ அவளது அகவை 61 என்பதையும் உடல்நிலைக் குறிப்பையும் பார்த்துவிட்டுக் கழுத்தை விட்டுவிட்டு, மேல்முதுகின் இறுகிய மூட்டுகளை மட்டும் மெல்ல அழுத்தித் தளர்த்தினார். அன்று மாலை அவளால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க முடிந்தது. மறுநாளே பழைய இறுக்கம் பாதி திரும்பிற்று.

மீதியைச் செய்தவர் இயன்முறை மருத்துவர். மல்லாந்து படுத்து முகவாயை மெல்ல உள்ளிழுத்து, கழுத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசைகளைப் பத்து எண்ணும்வரை தாங்கச் செய்தல். தோள்பட்டைகளைப் பின்னோக்கி ஒடுக்குதல். நீள்மிதியடிபோல் தோன்றும் இரப்பர்ப் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி இழுத்தல். நாள்தோறும் இரு வேளை, வீட்டில். கழுத்துப் பட்டையை நாள்முழுவதும் அணிந்திருக்க வேண்டா என்றும், வலி பொறுக்கும் அளவிற்கு வழக்கமான வேலைகளைச் செய்யுமாறும் அறிவுறுத்தினர். எட்டு வாரம் கழித்து அவள் தொலைபேசியில், "அண்ணா, அவர் கையால் செய்தது நான்கு முறைதான், நான் செய்ததுதான் நூறு முறைக்கு மேல்" என்று சொன்னாள். கூட்டுச் சிகிச்சையின் இயல்பை இதைவிடத் தெளிவாக எந்த நூலிலும் நான் படிக்கவில்லை.

இதன் காரணத்தைப் பார்ப்போம். அடிபட்ட இடத்தைக் காக்கச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசை மூட்டை அசையவிடாது. அசையாத மூட்டு மேலும் விறைக்கும். விறைத்ததை அசைத்தால் வலிக்கும். வலிக்கு அஞ்சி அசைக்காதிருந்தால் தசை மெலியும். இந்தச் சுழலில் கைச்சிகிச்சை ஓரிடத்தில் பிளவு உண்டாக்குகிறது: வலி சற்றுக் குறைகிறது, மூட்டு சற்றுத் திறக்கிறது. அந்த இடைவெளி மணிக்கணக்கில் இருக்கலாம், சில நாள் இருக்கலாம். அதற்குள் பயிற்சி புகுந்து தசைக்கு வலிமை ஊட்டவேண்டும். புகாவிட்டால் சுழல் மீண்டும் மூடிக்கொள்ளும். கைச்சிகிச்சை மட்டும் பெற்று ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் சென்றுவருவோரின் நிலை இதுவே.

அந்த 'மடக்' ஓசையைப் பற்றி ஒரு சொல். அது எலும்பு இடத்தில் போய்ப் பொருந்தும் ஓசை என்றே பலரும் நம்புகின்றனர். அன்று. மூட்டுகளின் உள்ளே உள்ள வழவழப்பான நீரில், மூட்டு சட்டென விரியும்போது வளிக்குமிழி தோன்றுவதை ஒட்டி எழும் ஓசை அது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் சொடுக்கும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் படம்பிடித்து இதனைக் காட்டினர். ஓசை வந்தால் குணம் என்பதும் இல்லை, வராவிட்டால் பயனில்லை என்பதும் இல்லை. சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று நம் பாட்டிமார் அதட்டுவார்கள் அல்லவா? டொனால்டு அங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகள் இடக்கை விரல்களை மட்டும் நாள்தோறும் சொடுக்கி, வலக்கையை விட்டுவைத்து, இரண்டிற்கும் வேறுபாடில்லை என்று அறிவித்து, 2009இல் நகைச்சுவைக்கென வழங்கப்பெறும் இக்நோபல் பரிசைப் பெற்றார். பொறுமைக்கென்று தனிப்பரிசு இருந்தால் அதையும் அவருக்கே தரலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2004இல் பிரிட்டனில் 1,334 முதுகுவலியாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு நம் வினாவிற்கு மிக நெருக்கமானது. சிலருக்குப் பொதுமருத்துவரின் நல்ல பராமரிப்பு மட்டும். சிலருக்கு அதனுடன் பயிற்சி. சிலருக்கு அதனுடன் முதுகெலும்புக் கைச்சிகிச்சை. எஞ்சியோர்க்குக் கைச்சிகிச்சையும் அதனைத் தொடர்ந்து பயிற்சியும். மூன்று மாத முடிவில் இரண்டும் பெற்றோர் இடைத்தரமான பயன் அடைந்திருந்தனர். ஓராண்டு முடிவில் அப்பயன் சிறிதாய்ச் சுருங்கியிருந்தாலும் நிலைத்திருந்தது. பயிற்சி மட்டும் பெற்றோரிடம் மூன்றாம் மாதம் சிறு பயன் தெரிந்தது, ஓராண்டில் தெரியவில்லை. 2018இல் அமெரிக்கப் படைப்பணியில் இருந்த 750 பேரிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான மருத்துவத்துடன் கைரோபிராக்டிக்கும் பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் வலியும் முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. 'ஓரளவு' என்னும் சொல்லை அழுத்திச் சொல்கிறேன். எங்கும் அற்புதம் நிகழவில்லை.

மறுபக்கத்தையும் சொல்வது கடமை. 1998இல் அமெரிக்காவில் 321 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவினர்க்கு இயன்முறைப் பயிற்சியும், இன்னொரு குழுவினர்க்குக் கைரோபிராக்டிக்கும், மூன்றாம் குழுவினர்க்கு முதுகுவலி பற்றிய சிறு நூல் ஒன்றும் தந்தார்கள். முதலிரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். நூல் மட்டும் பெற்றவர் அவர்களைவிடச் சற்றே பின்தங்கினர். ஈராண்டுச் செலவோ ஒருவருக்குச் சராசரியாக 437 டாலர், 429 டாலர், 153 டாலர். நம் பொருளாளர் இந்த எண்களைக் குறித்துக்கொள்வதை இங்கிருந்தே காண்கிறேன்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுக் குழு 2016இல் ஒரு முடிவுக்கு வந்தது: முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை தரலாம், ஆனால் பயிற்சி அடங்கிய தொகுப்பின் பகுதியாக மட்டுமே தரவேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2023 திசம்பரில் நாட்பட்ட முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் நோயாளிக்கு அறிவூட்டல், உடற்பயிற்சி, முதுகெலும்புக் கைச்சிகிச்சை, உடல்பிடிப்பு ஆகியவற்றை ஏற்கிறது. இடுப்புப் பட்டையையும் எடைகட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகத் தரவேண்டா என்கிறது. நம் வீட்டு அலமாரிகளில் எத்தனை இடுப்புப் பட்டைகள் துயில்கின்றன என்று இன்று வீடு சென்றதும் எண்ணிப் பாருங்கள்.

கையால் நோய் நீக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள் தொக்கணமும் ஒன்று. சுளுக்கு நீவுவோர் இல்லாத ஊர் இல்லை. காலால் பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்று, அப்படிப் பிறந்த சிறுவனைத் தேடிச்சென்று அழைத்து வருவார்கள். சிறுவனின் மென்மையான மிதி யாருக்கும் தீங்கு செய்ததில்லை. ஆனால் முடிதிருத்தகங்களில் தலையைப் பற்றிச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் அத்தன்மையது அன்று. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இரு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகளினூடே ஏறிச் செல்கின்றன. திடீர் முறுக்கலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு. அரிதாகவே நேர்வது, நேர்ந்தவர்க்கோ அது அரிதன்று. தேர்ந்த கைரோபிராக்டர் செய்யினும் கழுத்து முறுக்கலில் இந்த இடர் பற்றிய கவலை மருத்துவரிடையே உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்னொன்று, நம் நாட்டிற்கே உரிய அச்சம். முதுகுவலி என்பது எப்போதும் தசைப்பிடிப்பு அன்று. என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் மூன்று மாதம் நீவிக்கொண்டும் பற்றுப்போட்டுக்கொண்டும் இருந்தார். மாலையில் மெல்லிய காய்ச்சல், உடல் இளைத்தது. சர்க்கரையால் இளைக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். ஒரு நாள் கால்கள் தளர்ந்து படியில் அமர்ந்துவிட்டார். படம் எடுத்தபோது முள்ளெலும்பில் காசநோய். நற்பேறாக மருந்துக்கு நோய் கட்டுப்பட்டது. இன்றும் ஊன்றுகோலுடன் நடக்கிறார். அரித்துப்போன அந்த எலும்பின்மீது ஓங்கி ஒரு கை விழுந்திருந்தால் அவருடைய நிலை என்னவாகியிருக்கும் என்று அவருடைய மருத்துவர் சொல்லக் கேட்டபின்புதான் இப்பொருள் எத்தனை கூர்மையானது என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே, காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, படுத்தாலும் ஓயாத இரவுவலி, முன்பு புற்றுநோய் இருந்தமை, கீழே விழுந்தமை, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்டமை, எலும்பு மெலிவு, கால்களில் வலுக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் யாருடைய கையும் முதுகில் படுவதற்குமுன் மருத்துவர் பார்க்கவேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவதும், தொடையிடுக்கு மரத்துப்போவதும் அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள். மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்கு எலும்பு மெலிவு வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். அவர்கள் தாமே முன்வந்து கேட்கவேண்டும். நம் பெண்கள் கேட்பதில்லை என்பதால்தான் இதை ஒலிபெருக்கியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் கைரோபிராக்டருக்கு உரிமம் உண்டு. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நம் நாட்டில் இயன்முறை மருத்துவம் 2021ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. ஆதலால் கைரோபிராக்டர் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவரிடம் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றீர் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. நாற்பது அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடம் இரண்டாம் கேள்வி கேட்கவும் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும்போது, நோயுற்றவனையே முதலில் வைத்து, மருத்துவனை அடுத்து வைக்கிறது. முகாமைப் பற்றி என் கருத்து அந்த வரிசையை ஒட்டியதே. இரண்டு துறையினரையும் அழைப்போம். ஆனால் நான்கு ஏற்பாடுகளுடன். முதல் மேசையில் எலும்பு மருத்துவர் அமரட்டும். அவர் கையொப்பமிட்ட சீட்டு இன்றி யாரும் அடுத்த மேசைக்குச் செல்ல வேண்டா. கைரோபிராக்டர் முறையாகப் பட்டம் பெற்றவராக இருக்கட்டும்; முகாமில் கழுத்தைத் தொடமாட்டேன் என்று அவர் இசையட்டும். அவரிடம் சென்ற ஒவ்வொருவரும் நேரே இயன்முறை மருத்துவரிடம் சென்று மூன்று பயிற்சிகளேனும் செய்துகாட்டிய பின்பே வீடு திரும்பட்டும். ஆறு வாரம் கழித்து அதே மண்டபத்தில் மீண்டும் கூடி, யார் செய்தார், யார் விட்டார் என்று பார்ப்போம். நான்காவதே கடினம், முகாம் முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதில் நமக்குள்ள வேகம் தொடர்பணியில் இருப்பதில்லை.

செயற்குழு இன்று மாலை கூடி முடிவெடுக்கவிருக்கிறது. எம்முடிவு எடுப்பினும், முகாமிற்கு வருவோர் தம் பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களையும், உண்ணும் மருந்துகளின் சீட்டையும் தவறாமல் கொண்டுவர வேண்டும். பயிற்சிக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில், படத்துடன், எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுத் தரலாம் என்று இயன்முறை மருத்துவர் கேட்டிருக்கிறார். அதை எழுதித்தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். படம் வரையத் தெரிந்த இளைஞர்கள் இருவர் உணவு இடைவேளையில் என்னை வந்து பாருங்கள்.